லீலா எடுத்த சீட்டு

1

நம் சபைப் பத்திரிகையின் ஆசிரியர் பாதிரி ஐயர் எனக்கு ஏர்மெயிலில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நான் இங்கிலாந்துக்கு வந்து பதினைந்து வருஷம் நிறைகிறதாம். அதை முன்னிட்டு 'தேவ சித்தம் என்னை நடத்திய விதம்' என்ற தலைப்பில் நாலு பக்கத்துக்கு மிகாமல் ஒரு சாட்சி எழுதி அனுப்ப வேண்டுமாம். வாலிபப் பிள்ளைகளுக்குப் பிரயோஜனமாக இருக்குமாம். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார், முடிவையும் அவரே தீர்மானித்துவிட்டார். நடுவில் கொஞ்சம் பனி, கொஞ்சம் கப்பல் பிரயாணம், வெள்ளைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் காரைக் கழுவுகிறார்களே என்கிற வருத்தம், இவற்றை நான் நிரப்பிக் கொடுத்தால் போதும்.

நிரப்பித் தருகிறேன் ஐயா. ஆனால் நாலு பக்கத்தைத் தாண்டும். ஒரு வரியை வெட்டினாலும் நான் சும்மா இருக்க மாட்டேன். தென்காசியில் என் வாயைப் பற்றி விசாரித்தால் சொல்லுவார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் எஸ்தர். தென்காசி உபதேசியாரின் மூத்த மகள். லீட்ஸ் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் தாமஸ் நாகர்கோவில்காரர், இங்கே பஸ் டிப்போவில் மெக்கானிக். மகள் ரூத்துக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள், அதுவும் பாதி நேரம் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள்.

2

'கர்த்தருக்குச் சித்தமானால்' என்ற வார்த்தை இல்லாமல் நம் ஆட்கள் ஒரு தபால் அட்டை எழுத மாட்டார்கள். கர்த்தருக்குச் சித்தமானால் வெள்ளிக்கிழமை வருகிறோம், கர்த்தருக்குச் சித்தமானால் அரிசி கொண்டுவருகிறோம். நானும் அந்த வார்த்தையோடுதான் கப்பல் ஏறினேன்.

வந்த முதல் மாதம். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஒரு நெட்டைக்காரி, சிரித்து யாரும் பார்த்ததில்லை. நாளைக்குக் காலை ஏழு மணி டியூட்டிக்கு வருவாயா என்று கேட்டாள். நான் பயபக்தியோடு, கர்த்தருக்குச் சித்தமானால் வருவேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். நான் கர்த்தரைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்கிறேன், வருவாயா மாட்டாயா என்றாள். வருவேன் என்றேன். இருந்தாலும் 'பொறுப்பாகப் பதில் சொல்லுவதில்லை' என்று என் பைலில் எழுதிவிட்டாள். அந்த ஒரு வரியால் எனக்கு இரண்டாம் வருஷச் சம்பள உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது.

ஆபீஸில் வேறு ஒரு ஃபாரம் நிரப்பக் கொடுத்தார்கள். இந்த நாட்டுக்கு வந்த காரணம் என்று ஒரு கட்டம். அதில் 'தேவ சித்தம்' என்று எழுதிக் கொடுத்தேன். கிளார்க் ஒரு கிழவர். அதை மெதுவாகக் கோடு போட்டு அடித்துவிட்டு, 'வேலை' என்று எழுதி, இங்கே கையெழுத்துப் போடம்மா என்றார்.

அப்போது எனக்கு அழுகை வந்தது. விசுவாசத்தை அவமதித்துவிட்டார் என்று ஊருக்கு எழுதினேன். அப்பா அதைக் கோயிலில் வாசித்துக் காட்டினாராம். அந்தக் கிழவர் எழுதியதுதான் நிஜம், நான் எழுதியதுதான் புளுகு என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

3

போன மாதம் ஒரு சனிக்கிழமை அண்ணன் கடிதம் வந்தது. என் அண்ணன் தேவதாசன் தென்காசியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர், சபையில் மூப்பர். அப்பா இறந்த பிறகு எங்கள் குடும்பத்துக்கும் அவர்தான் மூப்பர்.

எங்கள் தங்கை லீலாவுக்கு இப்போது இருபத்தொரு வயது. அண்ணன் பள்ளிக்கூடத்திலேயே தையல் டீச்சர். அவளுக்குச் செல்வராஜ் என்பவரைக் கட்டிக்கொள்ள விருப்பம். அவர் செங்கோட்டையில் மின்சார போர்டு லைன்மேன். ஞானஸ்நானம் பெற்றவர், குடி கிடையாது, நிரந்தர வேலை. அண்ணன் எழுதியிருந்தார்: "விஷயத்தைக் கர்த்தருடைய சமுகத்தில் வைத்து மூப்பர்கள் நாலு பேரும் மூன்று நாள் ஜெபித்துச் சீட்டுப் போட்டோம். வேண்டாம் என்று வந்துவிட்டது. லீலா அழுகிறாள், சாப்பிட மாட்டேன் என்கிறாள். உனக்குக் கிடைத்த நடத்துதலைச் சொல்லி அவளுக்கு நாலு வார்த்தை எழுது. நீ சொன்னால் கேட்பாள்."

ஆலங்குளத்தில் ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க்கை அண்ணன் ஏற்கெனவே மாப்பிள்ளையாகப் பார்த்து வைத்திருக்கிறார் என்பது கடைசி வரியில் இருந்தது. அந்த மாப்பிள்ளைக்குச் சீட்டுப் போட்டார்களா என்று எழுதவில்லை. செல்வராஜ் என்ன சாதி என்பதையும் எழுதவில்லை. நம் சபையில் அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அதற்குத்தான் சீட்டு இருக்கிறதே.

மறுநாள் ஞாயிறு காலை. ரூத் நடுவீட்டில் நின்று ஒரு பென்னிக் காசைச் சுண்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். ராணி தலை விழுந்தால் ஞாயிறு பள்ளி, மறுபக்கம் விழுந்தால் சிநேகிதியோடு நீச்சல் குளம். மறுபக்கம் விழுந்தது. துண்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நான் ஓடிப்போய் அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டேன்.

அவள் அழவில்லை. என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, நான் என்ன தப்பு செய்தேன், காசைத்தானே கேட்டேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டாள். தாமஸ் அடுப்படியிலிருந்து வந்தார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்ல.

"இது ஒங்க அண்ணனுக்கு விழ வேண்டிய அடில்லா. பிள்ளைக்கு எதுக்குக் குடுத்தே?"

அது அண்ணனுக்கு விழ வேண்டிய அடியும் அல்ல என்பது அவருக்குத் தெரியாது. பதிமூன்று வருஷம் குடித்தனம் நடத்தியும் நான் அவரிடம் சொல்லவில்லை.

4

சீட்டு என்றால் என்ன என்று தெரியாத சந்தோஷமான ஜனங்களுக்காக எழுதுகிறேன்.

ஒரு காரியம் தேவ சித்தமா இல்லையா என்று தெரிய வேண்டும். கல்யாணம், உத்தியோகம், நிலம் வாங்குவது, எதுவாக இருந்தாலும் சரி. ஒரே அளவில் இரண்டு துண்டுத் தாள் கிழித்து, ஒன்றில் போகலாம் அல்லது ஆகட்டும் என்றும் மற்றதில் வேண்டாம் என்றும் எழுதி, நாலாய் மடித்துக் காணிக்கைப் பையில் போடுவார்கள். ஜெபம் நடக்கும். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்று கையை விட்டு ஒரு சீட்டை எடுக்கும், பாவம் அறியாத கையாக இருக்க வேண்டுமென்று. யாருடைய காரியமோ அவர்தான் அதை வாங்கிப் பிரித்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பையில் மிஞ்சின சீட்டைப் பிரிக்காமலே விளக்கில் காட்டி எரித்துவிட வேண்டும். பிரித்துப் பார்த்தால் அது கர்த்தரைச் சோதிக்கிறதாகிவிடும்.

இப்படி ஒரு சட்டத்தை எந்தக் கள்ளன் யோசித்துக் கண்டுபிடித்தானோ தெரியாது. எனக்கு அவன் பெரிய உபகாரி.

எங்கள் தெருக் கடைசியில் ஓர் ஆச்சி இருந்தாள். பெரிய கோயிலில் பரம்பரையாக மரியாதை வாங்குகிற வீடு. அவர்கள் வீட்டில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, சாமி முன்னால் வைத்து எடுத்துப் பார்ப்பார்கள். அண்ணன் அதை அஞ்ஞானிகளின் இருட்டு என்று வாலிபர் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் கிழித்தார். அது எப்படியோ ஆச்சி காதுக்குப் போய்விட்டது. ஒருநாள் அப்பாவை வழிமறித்துச் சொன்னாள்.

"நாங்க பூவக் கட்டிப் பாக்கோம், நீங்க தாள மடிச்சுப் பாக்கிய. சாமி பாடு ரெண்டு எடத்துலயும் திண்டாட்டந்தான் உபதேசியாரே."

அப்பா சிரித்துவிட்டார். அண்ணன் ஒரு வாரம் அந்தத் தெரு வழியாகப் போகவில்லை.

அண்ணன் தன் காரியத்துக்குச் சீட்டுப் போட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். ராயகிரியில் வாத்தியாராக இருந்தவருக்குத் தென்காசிக்கு மாற்றல் கேட்கலாமா என்று கேள்வி. முதல் தடவை வேண்டாம் என்று வந்தது. உபவாசம் போதவில்லை என்று சொல்லி இன்னொரு நாள் பட்டினி கிடந்து போட்டார். மறுபடியும் வேண்டாம். கூடியிருந்தவர்களில் யாரோ ஒருவர் பாவத்தை அறிக்கையிடவில்லை என்று கண்டுபிடித்து, ஒரு பாவப்பட்ட வாட்ச்மேனை வெளியே அனுப்பிவிட்டு மூன்றாம் தடவை போட்டார். ஆகட்டும் என்று வந்தது. அதற்குப் பிறகு அந்தக் காரியத்துக்கு அவர் சீட்டுப் போடவில்லை. லீலாவுக்கு மட்டும் ஒரே தடவைதான்.

5

இனி என் சீட்டு.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் நன்றாகக் கட்டியிருந்தது. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்து, மூன்று நாள் உபவாசத் தியானக் கூட்டம் வைத்திருந்தார்கள். அந்தக் குளிரில், அருவிக் காற்றில், கல்லைக் கொடுத்தாலும் தின்னத் தோன்றும். ரோட்டில் ஜனங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மங்குஸ்தான் பழத்தை உரித்துத் தின்று போகிறார்கள். உள்ளே நாங்கள் வெறும் வயிற்றோடு முழங்காலில். உபவாசத்துக்குக் குற்றாலத்தைத் தேர்ந்தெடுத்த புத்திசாலி யார் என்று எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சி முடித்திருந்தேன். அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா எழுதிக்கேட்டு, லீட்ஸில் எனக்கு இடம் வந்திருந்தது. ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

லீலாவுக்கு ஆறு வயது. அவளைப் பெற்ற அன்றைக்கு எங்கள் அம்மா செத்துப்போனாள். அன்றிலிருந்து அவளைக் குளிப்பாட்டினது, சோறு ஊட்டினது, சடை பின்னினது எல்லாம் நான். என்மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். அண்ணன் முகத்துக்கு நேரே கேட்டார். "நீ போயிட்டா இந்தப் பிள்ளைய யாருட்டி பாப்பா? ஒன் மதினி பாப்பான்னு நெனைக்காத."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷர், ஊரே அவரைக் கொண்டாடும். ஆனால் எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் உண்டு. என்னைப் போ என்று சொல்ல அவருக்கு மனம் இல்லை, போகாதே என்று சொல்ல வாய் இல்லை. தகப்பன் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கர்த்தரை இழுத்து நடுவில் விட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம். அப்பா தம் கையால் இரண்டு சீட்டும் எழுதி, வாசித்துக் காட்டி, மடித்துப் பையில் போட்டார். முப்பது பேர் முழங்காலில் நின்றார்கள். லீலாவைக் கூப்பிட்டார்கள். அந்த ஆனி மாதம்தான் அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். எதைக் கண்டாலும் வாசிக்கிற வெறி. தென்காசியிலிருந்து பஸ்ஸில் வரும்போதுகூட ஒவ்வொரு கடை போர்டையும் எழுத்துக் கூட்டிக் கத்திக்கொண்டே வந்தாள். கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தாள். எடுத்ததை அப்படியே கொடுக்க வேண்டும். அவள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் அவள் பிரித்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வேண்டாம் என்று இருந்தது. அப்பாவின் உருண்டைக் கையெழுத்து.

"போகலாம்" என்று வாசித்தேன்.

திட்டம் போட்டுச் செய்யவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று தப்பித்துக்கொள்ளவும் மாட்டேன். எனக்குப் போக வேண்டும். அந்தத் தெருவையும் அண்ணனையும் விட்டுப் போக வேண்டும். கேட்டால் விடமாட்டார்கள். கர்த்தர் கேட்டுக்கொண்டால் விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான்.

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முப்பது பேரும் சொன்னார்கள். அப்பா என் தலையில் கையை வைத்து அழுதார்.

"கர்த்தர் சொல்லிட்டாருட்டி. இனி தடுக்க நான் யாரு?"

சீட்டை என் வேதப் புஸ்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி எடுத்துக்கொண்டேன். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடிக்குப் போய் அதை வாயில் போட்டு மென்று விழுங்கினேன். அந்த மூன்று நாள் உபவாசத்தில் என் வயிற்றுக்குள் போனது அது ஒன்றுதான். லீலா தொட்டியடி வரைக்கும் என் பின்னாலேயே வந்து, என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குனிந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

6

இந்தப் புளுகுதான் உங்கள் பிரசித்தி பெற்ற சாட்சி. அப்பா அதை ஆலங்குளம், சிவகிரி, ராயகிரி என்று போன சபையெல்லாம் சொன்னார். அண்ணன் அதைக் கன்வென்ஷனில் சொன்னார். என் கதையைக் கேட்டுத் தங்கள் காரியத்துக்கும் சீட்டுப் போட்ட பெண்கள் உண்டு. நன்றாகப் போன படிப்பை விட்டவள் ஒருத்தி, பிடிக்காத வீட்டுக்குப் போனவள் ஒருத்தி. அவர்கள் எனக்கே நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார்கள். நான் அவர்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினேன்.

எஸ்தர் சீமைக்குப் போய்க் கெட்டுப்போனாள், கர்த்தரை விட்டுவிட்டாள் என்று இந்த இடத்தில் யாராவது உச்சுக் கொட்டுவீர்கள். அதுதான் இல்லை. விட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். கர்த்தர் வேண்டாம் என்று சொன்னது என் காதில் ஒருநாளும் ஓயவில்லை.

பரீட்சையில் முதல் தடவை தோற்றேன். சொன்னேனே என்றார். பனியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. சொன்னேனே என்றார். ஐம்பத்தேழில் என் முதல் குழந்தை செத்துப் பிறந்தது, ஆண் குழந்தை. சுத்தமாகத் துடைத்து ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். இது யாருடைய குற்றமும் இல்லை, சில நேரம் இப்படி ஆகும் என்று மிட்வைஃப் திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் எத்தனையோ தாய்மார்களுக்கு அதே வார்த்தையைச் சொன்னவள்தான். அவள் பேச்சு என் காதில் ஏறவே இல்லை. அப்பாவின் உருண்டைக் கையெழுத்துத்தான் கண்முன்னால் நின்றது.

அப்பாவுக்கு எழுதினேன். அவர் பதில் எழுதினார்: "சித்தத்தின்படி போனவளுக்கு வருகிற சோதனை இது, தைரியமாயிரு." அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். நாலு வருஷம் கழித்து அவர் இறக்கும்போது, எஸ்தர் கர்த்தர் அனுப்பின இடத்தில் இருக்கிறாள், எனக்கு அவளைப் பற்றிக் கவலை இல்லை என்று சொன்னாராம். கப்பலில் போனால் சாவுக்குப் போய்ச் சேர முடியாது. விமானத்துக்கு வசதி இல்லை. நான் டியூட்டிக்குப் போனேன்.

7

ரூத்தை அடித்த வாரத்தில் இன்னொரு கடிதம் வந்தது. லீலா எழுதியது. அண்ணன் வீட்டுக்கு வருகிற கடிதமும் அங்கிருந்து போகிற கடிதமும் அண்ணன் கண்ணைத் தாண்டாது. அதனால் எழுதி ஒட்டி, செல்வராஜ் கையில் கொடுத்து, செங்கோட்டையில் தபாலில் போடச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு எழுத்து நடை கிடையாது, பேசுகிற மாதிரியே எழுதுவாள். அப்படியே தருகிறேன்.

"அக்கா, அண்ணன் எனக்குப் புத்தி சொல்லச் சொல்லி ஒனக்கு எழுதியிருப்பாங்க. நீ என்ன வேணும்னாலும் எழுது, நான் கோவப்பட மாட்டேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். குத்திக்காட்டக் கேக்கலை. அன்னைக்குக் குத்தாலத்துல நான் எடுத்த சீட்டுல வேண்டாம்னுதான் எழுதியிருந்த மாதிரி எனக்கு இருந்தது. நீ போகலாம்னு வாசிச்சே. நீ பெரிய படிப்புப் படிச்சவ, நான் ஒண்ணாங்கிளாசு. அப்ப எனக்குத்தான் வாசிக்கத் தெரியலைன்னு நெனைச்சுட்டேன். நீ போன பெறகு பள்ளிக்கூடத்துல டீச்சர் போர்டுல எழுதிப் போட்டு வாசிக்கச் சொல்லும்போது, எனக்கு ஒண்ணு தோணும், ஆனா அது வேறயா இருக்கும்போலன்னு வாயத் தொறக்க மாட்டேன். ரொம்ப அடிச்சாங்க. அந்த வருசம் பெயிலாப் போனேன். இப்ப மூப்பருங்க சீட்டுப் போட்டப்ப அண்ணன்தான் வாங்கி வாசிச்சாங்க. என்னைய கிட்ட விடலை. என் காரியம், ஆனா நான் வாசிக்கலை. இவங்க சொல்லுத கர்த்தருடைய சித்தம் எனக்குப் புரியவே மாட்டேங்குது அக்கா. நான் அன்னைக்குத் தப்பா வாசிச்சேனா? அத மட்டும் எழுது."

அந்த வருஷம் அவள் பெயிலானதை அப்பா எனக்கு எழுதியிருந்தார். படிப்பில் கவனமாக இரு, அக்காவுக்குத் தலைகுனிவு உண்டாக்காதே என்று இங்கிருந்து கலர் படம் போட்ட அட்டை ஒன்று அவளுக்கு அனுப்பினேன். அட்டையில் நாய்க்குட்டிப் படம்.

கடிதத்தை வாசித்துவிட்டுக் குளியலறையில் போய் உட்கார்ந்தேன். தாமஸ் கதவைத் தட்டினார். திறந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. முதல் குழந்தை செத்தபோது நீ என்னோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தது இதனாலா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்றார்.

8

அன்றைக்கே அண்ணனுக்கு எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். என் சீட்டில் வேண்டாம் என்று இருந்தது, நான் பொய் வாசித்தேன், சீட்டை விழுங்கினேன். இப்போது நீங்கள் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சீட்டு கர்த்தருடைய வாய் என்றால் நான் பதினைந்து வருஷமாகக் கீழ்ப்படியாமல் அலைகிறவள், என்னைப் பற்றி இனி எந்த மேடையிலும் பேசாதீர்கள். சீட்டு வெறும் தாள் என்றால் அந்தத் தாளைக் காட்டி லீலாவை அழவைக்காதீர்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது.

சரியாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்தி. பதிலுக்காக மூன்று வாரம் காத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை வந்தது. முக்கியமான வரிகளை மட்டும் தருகிறேன்.

"உன் கடிதம் எங்களை மிகவும் கலங்கப்பண்ணிற்று. அதை நம்பலாமா என்று மூப்பர்கள் நாங்கள் கர்த்தரிடத்தில் விசாரித்துச் சீட்டுப் போட்டோம். வேண்டாம் என்று வந்தது. ஆகையால் தங்கைமேல் உள்ள பாசத்தினாலே நீ இப்படி ஒரு கதையைக் கட்டியிருக்கிறாய் என்று அறிந்துகொண்டோம். உன்னை மன்னிக்கிறோம். ஆலங்குளத்துச் சம்பந்தம் ஆவணியில்."

வாசித்துவிட்டுச் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. ரூத் ஓடிவந்து என்னம்மா, என்னம்மா என்றாள், தமிழில். அப்புறம் எனக்கு வந்த கோபத்தை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

பதினைந்து வருஷம் நான் சொன்ன பொய்யைக் கர்த்தர் வாக்கு என்று சுமந்தார்கள். நான் உண்மையைச் சொன்னவுடன் அதைப் பொய் என்று கர்த்தரே சொல்லிவிட்டாராம். அண்ணே, உங்களைப் போய்ப் பிடிக்க முடியுமா?

9

ஆசிரியர் ஐயரே, நீங்கள் சாட்சி கேட்டீர்கள். இதுதான். இதை உண்மையா என்று தெரிந்துகொள்ள யாரும் பையில் கையை விட வேண்டாம். அண்ணனுக்கு எழுதினால் ஒளித்துவிடுவார் என்று தெரிந்துதான் ஊர் முழுக்க வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன். போடாமல் விட்டீர்களானால் ஆவணிக்கு முன்னால் நானே வந்து, ஞாயிறு ஆராதனையில் அறிக்கை வாசிக்கிற நேரத்தில் எழுந்து நின்று சொல்லுவேன். எப்படியும் வருகிறேன். லீவுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வருவாயா மாட்டாயா என்று கேட்டார்கள், வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

தேவ சித்தத்தைப் பற்றி வாலிபப் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லச் சொன்னீர்களே. நான் லீட்ஸுக்கு வந்தது அவருக்குச் சித்தமா இல்லையா, எனக்குத் தெரியாது. என் மகன் செத்துப் பிறந்தது அவர் செயலா இல்லையா, தெரியாது. தெரியும் என்று சொல்லுகிறவனை நம்பாதீர்கள், அவன் என் அண்ணனாக இருந்தாலும், நானாக இருந்தாலும். பொய் சொல்லாதே என்று அவர் சொன்னது மட்டும் எந்தப் பையிலும் போடாமல் பட்டவர்த்தனமாக எழுதிக் கிடக்கிறது. அது எனக்கு அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்த சித்தத்தைக் காலில் போட்டு மிதித்துவிட்டு, தெரியாத சித்தத்துக்காகக் குற்றாலத்தில் மூன்று நாள் பட்டினி கிடந்தேன்.

லீலா, இது உனக்கு. செல்வராஜைக் கட்டு என்று நான் சொல்ல மாட்டேன், கட்டாதே என்றும் சொல்ல மாட்டேன். உனக்கு வயது வந்துவிட்டது, அவரைப் பார்த்துப் பழகினவள் நீதான். கட்டுவதென்று நீ சொன்னால் ரெஜிஸ்தர் ஆபீஸில் உன் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவேன். வேண்டாம் என்று நீயே சொன்னால் அந்தச் சண்டைக்கும் நான் நிற்பேன். உன்னை அங்கே விட்டுவிட்டு வந்ததற்கு நான் என்ன சொன்னாலும் ஈடாகாது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன், பதினைந்து வருஷம் பிந்திவிட்டது.

வேண்டாம்னுதான் இருந்தது. நீ சரியாத்தான் வாசிச்சேட்டி.